அளவையும் அரட்டையும்

ஜுரம் 102 என்றால் இலத்தூரில் எழுத்து வாசனை அறியாத பாட்டிக்கும் விளங்கும். சொல்லி வாய் மூடுமுன் சுக்கும் மிளகும் அம்மிக்கு வந்துவிடும். 38.9 என்றால் கலாசாலையில் பட்டம் பெற்ற பேரனுக்கும் சற்று யோசனை வேண்டியிருக்கிறது. அதே பேரன் கைபேசியை எடுத்துப் பார்த்து, குற்றாலத்தில் இன்று உஷ்ணம் 27 டிகிரி, சாரல் உண்டு என்று தயக்கமின்றிச் சொல்கிறான். உடம்புக்கு ஓர் அளவை, ஆகாயத்துக்கு வேறோர் அளவை என்று நம் ஜனங்கள் பிரித்து வைத்துக்கொண்டிருக்கின்றனர். தங்கத்துக்குப் பவுன், பூவுக்கு முழம், வீட்டு மனைக்கு ஸெண்டு, பாலுக்கு லிட்டர் என இன்னும் எத்தனையோ. இவற்றில் அவர்களுக்குக் குழப்பம் ஏதுமில்லை. குழப்பமிருப்பதாக எண்ணுகிறவர்கள் பாடபுஸ்தகம் எழுதுவோர் மட்டுமே.

இத்தகைய சில்லறை விஷயங்களுக்குத் தலையங்கப் பக்கத்தில் இடமுண்டா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். எந்த அளவை நல்லது, எந்தச் செயலியில் செய்தி அனுப்புவது, ஆகாய விமானத்தில் ஆசனத்துக்கு எதிரே திரை வேண்டுமா வேண்டாமா என்று தென்காசிப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் நடக்கும் விவாதம் வீண் பேச்சு என்பது அவர்கள் எண்ணம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு ஜனசமூகம் எதைக் கொண்டு அளக்கிறது, எவர் வழியாகப் பேசுகிறது என்பவை அரசியல் விஷயங்களே. துலாக்கோலும் தபாலும் அந்நியர் கையிலிருந்த காலத்தில் நாம் பட்ட பாட்டை மறந்தவர்களே இவற்றை அற்பமென்று தள்ளுவர்.

முதலில் உஷ்ண அளவையை எடுத்துக்கொள்வோம். டான்ஜிக் நகரத்தில் பிறந்த பாரன்ஹீட் என்பவர் 1714-ல் பாதரச உஷ்ணமானியைச் செய்து, 1724-ல் தம் அளவையை வெளியிட்டார். உப்பும் பனிக்கட்டியும் கலந்த குளிர் பூஜ்யம். பனிக்கட்டி மிதக்கும் நீர் 32. ஆரோக்கியமான மனிதனின் உடல் 96. இவை அவர் வைத்த குறிகள். ஸ்வீடன் தேசத்து வான சாஸ்திரியான செல்ஸியஸ் 1742-ல் நூறு பாகமாக வேறோர் அளவையை வகுத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலைக்குப் பூஜ்யமும் உறைநிலைக்கு நூறும் வைத்தார். 1744-ல் அவர் காலமான பின்னரே அதனைத் தலைகீழாகத் திருப்பி இன்றைய முறையில் வைத்தனர். ஆக, இரண்டும் மனிதர் தம் சௌகரியத்துக்குப் போட்ட கோடுகளே. ஒன்று சாஸ்திரம், மற்றொன்று மூடப் பழக்கம் என்று சொல்வதற்கில்லை.

நம் வீடுகளில் வேதவாக்காக வழங்கும் 98.6 என்ற எண்ணின் கதையைக் கேட்டால் நேயர்கள் நகைப்பார்கள். லைப்ஸிக் நகரத்து வைத்தியர் வுண்டர்லிஷ், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அக்குளில் உஷ்ணமானியை வைத்துப் பார்த்து, 1868-ல் வெளியிட்ட நூலில் மனித உடலின் சராசரி உஷ்ணம் 37 என்றார். அது நூறு பாக அளவை. அதனைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றிப் பெருக்கியபோது 98.6 வந்தது. அந்தப் புள்ளி ஆறு பெருக்கலில் விழுந்த மிச்சமேயன்றி உடம்பில் இல்லை. பாரன்ஹீட்டின் கோட்டையெனக் கருதப்படும் ஜுர உலகத்தின் தலைவாயில் தூணே செல்ஸியஸிடமிருந்து வந்தது!

சுதந்திரம் வந்தபின் நம்மவர் அளவைகளைச் சீர்திருத்தத் துணிந்தனர். 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்குப் போய் 100 நயா பைசா வந்தது. 1956-ம் வருஷத்து நிறுத்தல் முகத்தல் சட்டத்தின்படி 1958 முதல் கிலோவும் மீட்டரும் சிறிது சிறிதாக நுழைந்தன. 1962-க்குள் சேரும் வீசையும் கடைத்தெருவை விட்டு நீங்க வேண்டியதாயிற்று. அப்போது ஜனங்கள் முணுமுணுத்ததை இன்று சிலர் பாமரர் பிடிவாதமென்று எழுதுகின்றனர். அது அநீதி. ஓர் அணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஓரணாச் சாமானுக்கு ஏழு பைசா கேட்கும் கடைக்காரன் ஒவ்வோர் அணாவிலும் முக்கால் பைசாவைத் தட்டிக்கொண்டு போவானே என்று பயந்த கூலிக்காரன் கணக்குத் தெரியாதவனல்லன். மிக நன்றாகத் தெரிந்தவன்.

நாணயத்திலும் நிறுவையிலும் சட்டம் வென்றது. ஜுரத்தில் ஏன் வெல்லவில்லை? காசு தினந்தோறும் கை மாறுவது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கணக்கில் நின்றாலன்றி வியாபாரம் நடவாது. தராசுக்கு முத்திரையிட இன்ஸ்பெக்டர் உண்டு. ஆனால் தெர்மாமீட்டர் அலமாரியில் கிடப்பது. வருஷத்தில் நான்கு முறை வெளியே வரும். வரும்போது வீட்டில் கலக்கமாயிருக்கும். கலக்க சமயத்தில் எவரும் புதிய கணக்குப் படிக்க மாட்டார். தாய்க்குத் தெரிந்த எண்ணே மகளுக்கும் தெரியும். இது மூடத்தனமன்று, பயத்தின் பாஷை எளிதில் மாறுவதில்லை.

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. இப்போது கடைகளில் விற்கும் மின் தெர்மாமீட்டர்களில் பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் அளவை மாறிவிடுகிறது. குழந்தை கையில் விளையாட்டாகப் பட்டாலும் மாறும். 39 என்று தெரிந்தால், நூறுகூட ஆகவில்லையே என்று பேசாமலிருந்துவிடும் தாயும் இருக்கக்கூடும். 39 என்பது 102-க்கும் மேல் என்ற ஒரு வரி அந்தப் பெட்டியின்மேல் தமிழில் அச்சிட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? 38-க்கு 100.4, 39-க்கு 102.2, 40-க்கு 104. இந்த மூன்று எண்கள் போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரில் மந்திரிமார் படங்களுக்குக் கீழே சற்று இடம் ஒழித்து இவற்றை எழுதி வைக்கலாம்.

வெயில் விஷயத்தில் தமிழ்த் தினசரிகளின் போக்கு விசித்திரமானது. வானிலை இலாகா செல்ஸியஸில்தான் கணக்குக் கொடுக்கிறது. பத்திரிகைகளோ அதனைப் பெருக்கிக் கூட்டிப் பாரன்ஹீட்டாக்கி, பல ஊர்களில் வெயில் சதமடித்தது என்று கிரிக்கெட் ஆட்டத்தைப் போல் எழுதுகின்றன. நூறு என்ற எண்ணுக்குள்ள மயக்கம் அப்படி. பாரன்ஹீட்டை நமக்குக் கொடுத்த ஆங்கிலேயரே 1960-களில் தம் வானிலை அறிக்கையை செல்ஸியஸுக்கு மாற்றத் தொடங்கிவிட்டனர். அமெரிக்காவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிறு நாடுகளுமே இன்று அந்த அளவையைப் பொதுவில் வைத்திருக்கின்றன. எஜமானன் கழற்றியெறிந்த கோட்டை வேலைக்காரன் விசேஷ நாளில் போட்டுக்கொள்வது போன்ற காட்சி இது.

ஆயினும் அளவை அந்நியமானது என்பதற்காக நாம் இதனைக் கண்டிக்கவில்லை. செல்ஸியஸ் மட்டும் சங்கரன்கோவிலிலா பிறந்தார்? நம் ஆக்ஷேபம் வேறு. நூறு பாரன்ஹீட் என்பது 37.8 செல்ஸியஸ். சமவெளியில் உஷ்ணம் 40-ஐ எட்டி, வழக்கத்தினும் நாலரை டிகிரி அதிகமானால் அதனை அனல் அலை என்பது வானிலை இலாகாவின் விதி. கடற்கரை ஊர்களுக்கு 37 என்று வைத்திருக்கின்றனர். சர்க்காரின் எச்சரிக்கை இந்த எண்களை ஒட்டியே எழுகிறது. 40 என்றால் 104. பத்திரிகை படிப்பவன் சதத்தைக் கண்டு இன்று அபாயம் என்று நினைக்கிறான். மறுநாளும் சதம், அதற்கு மறுநாளும் சதம். மெய்யாகவே 104 வரும் நாளில் அவனுக்கு அது பழகிப்போன சமாசாரமாகிவிடுகிறது. 2003 மே மாதத்தில் சென்னையில் 45 டிகிரி, அதாவது 113 பாரன்ஹீட் காய்ந்தது. அத்தகைய நாளில் செங்கல் சூளையிலும் தார்ச் சாலையிலும் நிற்கும் தொழிலாளிக்குச் சதம் என்ற சொல்லால் என்ன பிரயோஜனம்? இரண்டு அளவையிலும் எண்ணைப் போட்டு, இன்று நண்பகலில் வேலையை நிறுத்த வேண்டிய நாளா அன்றா என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அதுவன்றோ பத்திரிகைத் தொண்டு? தென்காசி, கடையநல்லூர்ப் பக்கங்களில் தகரக் கூரையின்கீழ் அமர்ந்து பீடி சுற்றும் ஸ்திரீகளுக்கு மீனம்பாக்கத்து எண்ணைவிடத் தங்கள் கூரையின் எண்ணே முக்கியம். அதனை எவரும் அளப்பதுமில்லை, அச்சிடுவதுமில்லை.

தெர்மாமீட்டரைப் பற்றிப் பேசும்போது கொடைக்கானலைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் நடந்து வந்த பாதரசத் தெர்மாமீட்டர்த் தொழிற்சாலை ஒன்றைப் பாண்ட்ஸ் கம்பெனியார் 1980-களின் ஆரம்பத்தில் அங்கே மூடிவிட்டு, யந்திரங்களோடு கொடைக்கானல் மலைக்குக் கொண்டுவந்தனர். பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. அங்கே செய்த தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி அந்நிய தேசங்களுக்கே போயின. கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பியவர்கள் நம்மவர்கள். அதன் ஆவியைச் சுவாசித்தவர்களும் நம்மவர்கள். 2001-ல், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் ஊருக்குள் காயலான் கடையில் கிடந்தது வெளிப்பட்ட பிறகே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிற்று. 591 தொழிலாளர்கள் நடத்திய நீண்ட வழக்கு 2016-ல்தான் சமரசத்தில் முடிந்தது. அமெரிக்கக் குழந்தைக்கு எத்தனை டிகிரி ஜுரம் என்று கண்டறியத் தமிழ்த் தொழிலாளி தன் சிறுநீரகத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் மிகையென்று தள்ளிவிட முடியுமா?

சுதேசத்தில் செய்யப்பட்டது என்ற முத்திரை மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். யாருடைய லாபத்துக்கு, எவர் மேற்பார்வையில், எந்த நிபந்தனையின்மேல் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பின்னால் வரும் விஷயத்துக்கு இக்கேள்வி உதவும்.

விமானத்துத் திரையைப் பற்றி நீட்டி எழுத நமக்கு விருப்பமில்லை. தூத்துக்குடி, மதுரை, திருவனந்தபுரம் நிலையங்களிலிருந்து பறக்கும் நம் பக்கத்தவர் பலர் ஏறுவது குறைந்த கட்டண விமானங்களில். அவற்றின் ஆசனங்களில் திரை கிடையாது. வளைகுடா நாட்டுக்குப் பெரிய விமானத்தில் போகிறவர்கள் மட்டுமே அதைக் காண்பர். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் புதிய சிறு விமானங்களில் திரை வைப்பதில்லையென்று 2017-ல் தீர்மானித்தது. பிரயாணிகள் தங்கள் கைபேசியையே பார்த்துக்கொள்வர் என்பது வாதம். யுனைடெட் கம்பெனியோ 2021-ல் ஒவ்வோர் ஆசனத்துக்கும் திரை உண்டென்று அறிவித்தது. திரை என்றால் எடை. எடை என்றால் எண்ணெய். எண்ணெய் என்றால் சீட்டு விலை. கடன் வாங்கிச் சீட்டெடுத்துப் போகும் தொழிலாளி சினிமா வேண்டாம், கட்டணத்தைக் குறையுங்கள் என்கிறான். ஆனால் முதன்முறை போகிறவன் ஒன்றை விரும்புகிறான்: சிறு விமானப் படம் நகர்ந்துகொண்டே போகும் தேசப்படம். தான் எங்கே இருக்கிறோம் என்று அறியும் ஆசை நியாயமானதே. அந்தப் படத்தின் ஓரத்தில் வெளியுஷ்ணம் இரு அளவையிலும் காட்டப்படுவதுண்டு. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரும்போது இரண்டும் ஒரே எண்ணாகிவிடும்! மனிதன் வாழ முடியாத இடத்தில்தான் பாரன்ஹீட்டும் செல்ஸியஸும் சமாதானமாகின்றனர். இது நிற்க.

செய்திச் செயலிகளின் விஷயமே இப்பக்கத்து ஜனங்களுக்கு இன்று முக்கியமானது. அதற்குக் காரணம் உண்டு. இலத்தூரிலிருந்து அதிக தூரமில்லாத மத்தளம்பாறைக் கிராமத்தில் 2011 முதல் ஸோஹோ கம்பெனியின் காரியாலயம் நடந்து வருகிறது. 1996-ல் வேறொரு பெயரில் ஆரம்பமான அக்கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அவர்கள் அமெரிக்காவை விட்டு வந்து அங்கேயே வசிக்கத் தொடங்கினார். பெரிய பட்டணத்தில்தான் பெரிய வேலை நடக்கும் என்ற எண்ணத்தை அவர் செயலால் மறுத்தது பாராட்டத்தக்கது. அக்கம்பெனி 2021-ல் வெளியிட்ட செய்திச் செயலிக்கு அரட்டை என்று தமிழ்ப் பெயரே வைத்தனர். வீண் அரட்டை அடிக்காதே என்று பிள்ளைகளைக் கடிந்துகொண்ட சொல், வடநாட்டவர் நாக்கில் புரளாமல் தவிப்பதைக் காண நமக்குச் சிறிது சந்தோஷமே.

நான்கு வருஷம் அதனை எவரும் அதிகமாகக் கவனிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளின்மேல் 50 சதவீத வரி போட்டதும் சுதேசிப் பேச்சு கிளம்பிற்று. மத்திய மந்திரிகள் அரட்டையைச் சிபாரிசு செய்தனர். செப்டம்பர் கடைசியில் மூன்றே நாளில், தினம் 3,000 பேர் சேர்ந்து வந்த நிலைமை மாறித் தினம் 3,50,000 பேர் சேருவதாக வேம்பு அறிவித்தார். பிறகு ஆரவாரம் அடங்கியது. இலத்தூர்ப் பக்கத்தில் இன்று அநேகர் சொல்வது இது: எங்கள் ஊர்ச் சரக்கு, நல்ல சரக்கு, கைபேசியில் இருக்கிறது, ஆனால் பேச ஆளில்லை. ஆட்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள்.

இதனைத் தேசாபிமானக் குறைவென்று சிலர் ஏசுகின்றனர். அவர்களுக்குத் தூத்துக்குடியின் சரித்திரத்தை ஞாபகப்படுத்துகிறோம். 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் ஆரம்பித்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாகப் பத்து லக்ஷம் ரூபாய் மூலதனத்தோடு பதிவாயிற்று. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும், குடை கொடுக்கவும் முற்பட்டது. அதையும் மறுத்து ஜனங்கள் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்து ஏறினர். 1908-ல் பிள்ளையவர்களைச் சிறையிலிட்ட பின்னரே, கம்பெனி நலிந்து 1911-ல் கலைந்தது. ஆக, தியாகம் செய்ய நம் ஜனங்களுக்குத் தெரியாமலில்லை. ஆனால் கப்பலுக்கும் செயலிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சுதேசிக் கப்பலில் தனியே ஒருவன் ஏறினாலும் அவன் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். சுதேசிச் செயலியில் தனியே ஒருவன் ஏறினால் அவன் எங்கும் போய்ச் சேரமாட்டான். மறுகரையில் இருப்பவனும் அதே கப்பலில் ஏறியிருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை உணராமல் ஜனங்களைக் குறை கூறுவது நியாயமன்று. ஹைக் என்ற சுதேசிச் செயலி 2021 ஜனவரியிலும், கூ என்பது 2024 ஜூலையிலும் கடையைக் கட்டின. அவற்றுக்கும் தேசாபிமானிகளின் ஆசீர்வாதம் ஏராளமாய் இருந்தது.

அந்நியச் செயலியிலேயே இருந்துவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்போருக்கும் பதில் உண்டு. 2014-ல் பேஸ்புக் கம்பெனியார் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்கினர். 2021-ல் நிபந்தனைகளை மாற்றி, ஒப்புக்கொள் அல்லது போ என்ற முறையில் நடந்துகொண்டனர். அதற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டிக் கமிஷன் 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2021 அக்டோபர் 4-ந் தேதி சுமார் ஆறு மணி நேரம் அச்செயலி உலகமெங்கும் ஊமையாயிற்று. இவையெல்லாம் சிறிது. 2025 ஜூலையில் ஐரோப்பியர் போட்ட தடையைக் காட்டி, மைக்ரோஸாப்ட் கம்பெனி நயாரா என்னும் இந்திய எண்ணெய்க் கம்பெனியின் கடிதப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டது. டில்லி ஹைகோர்ட்டுக்குப் போன பிறகே அது திரும்பக் கிடைத்தது. பிரஸ்ஸல்ஸில் ஒரு தீர்மானம், இந்தியாவில் தபால் நின்றது! இதைக் கண்ட பின்னும் அந்நியர் வழியில் பேசுவதில் அபாயமில்லை என்பார் எவர்? வளைகுடாவில் இருக்கும் கணவனோடு பேசக் காத்திருக்கும் மனைவியைக் கேட்டாலும் சொல்வாள். ஐக்கிய அரபு நாட்டில் வாட்ஸ்அப் வழியாகச் செய்தி போகும், பேச்சு போகாது. அந்நாட்டு ஸர்க்கார் அனுமதிப்பதில்லை. அதற்கென்று வேறு செயலி, அதற்கென்று வேறு பணம்.

இனி கசப்பான பகுதிக்கு வருகிறோம். சுதேசிச் செயலியிடமும் கேள்வி கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 2016 முதல் ஒரு பூட்டு முறை நடந்து வருகிறது: அனுப்புபவன் கைபேசியிலேயே செய்தி பூட்டப்பட்டு, பெறுபவன் கைபேசியில்தான் திறக்கிறது, நடுவிலுள்ள கம்பெனியிடம் சாவி இராது. 2025 செப்டம்பரில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தபோது, அரட்டையில் பேச்சுக்கு அப்பூட்டு இருந்தது, எழுத்துக்கு இல்லை. நவம்பரில்தான் தனி மனிதர் உரையாடலுக்கு அதனைக் கொண்டுவரத் தொடங்கினர். தகவல்கள் இந்தியாவிலேயே வைக்கப்படுகின்றன என்று கம்பெனியார் கூறுகின்றனர். நல்லது. ஆனால் கடிதம் நம் ஊர்த் தபாலாபீஸிலேயே இருக்கிறது என்பது வேறு, அதனைப் பிறர் பிரித்துப் படிக்க முடியாது என்பது வேறு.

இதில் நாம் பிடிவாதமாயிருப்பதற்கு இந்தப் பக்கத்துச் சரித்திரமே காரணம். மத்தளம்பாறைக்குச் சமீபத்திலுள்ள கடையத்தில் 1918 முதல் 1920 வரை பாரதியார் வாழ்ந்தார். விடுதலையான அவருக்குப் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, எழுதுவதைப் போலீஸ் மேலதிகாரிக்குக் காட்டிவிட்டே வெளியிட வேண்டுமென்பது. எழுதும் பேனாவுக்கும் படிக்கும் கண்ணுக்கும் நடுவே மூன்றாவது கண் இருந்தால் மனிதன் எப்படி வாடுவான் என்பதை அறிய நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. அன்று கண் அந்நியருடையது; இன்று அது சுதேசிக் கண்ணாயிருந்தால் பாதகமில்லை என்று சொல்வோர் சுயராஜ்யத்தின் அர்த்தத்தைப் பாதிதான் படித்தவர்கள். செய்தியின் மூலத்தைக் காட்ட வேண்டுமென்ற 2021-ம் வருஷத்து விதியை எதிர்த்து வாட்ஸ்அப் டில்லி ஹைகோர்ட்டில் வழக்காடியது. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024-ல் அதன் வக்கீல் கூறினார். அது அமெரிக்கக் கம்பெனி. போகிறேன் என்று சொல்ல அதற்கு ஓரிடம் உண்டு. தென்காசிக் கம்பெனி எங்கே போகும்? ஆகையால் பூட்டு கம்பெனியின் நல்ல மனசில் மட்டும் இருந்தால் போதாது. சட்டத்தில் இருக்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய தனி மனிதர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஸர்க்காருக்குத் தாராளமாக விலக்களித்திருப்பதைக் காணும்போது நம் கவலை அதிகரிக்கிறதேயன்றிக் குறையவில்லை.

ஜனங்கள் பேச ஆளில்லை என்று சொல்லும் குறைக்கும் பரிகாரம் உண்டு. இலத்தூர்த் தபால் பெட்டியில் போட்ட கார்டு கல்கத்தாவுக்குப் போகிறது, கண்டிக்கும் போகிறது. பெறுபவன் எந்தத் தபாலாபீஸ் என்று நாம் கேட்பதில்லை. ஒரு கம்பெனித் தொலைபேசியிலிருந்து மற்றொரு கம்பெனித் தொலைபேசிக்குப் பேசுகிறோம். 2011 முதல் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளவும் உரிமை பெற்றிருக்கிறோம். 2016-ல் வந்த யு.பி.ஐ. முறையால் எந்த பாங்கியிலிருந்தும் எந்த பாங்கிக்கும், எந்தச் செயலி வழியாகவும் பணம் போகிறது. கீரைக்காரிக்கும் அது விளங்கியிருக்கிறது. செய்தி மாத்திரம் ஏன் ஒரு கம்பெனியின் கொட்டடிக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும்? ஐரோப்பியர் தங்கள் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால், வாட்ஸ்அப் தன் கதவைப் பிற செயலிகளுக்குத் திறந்துவிட வேண்டுமென்று கட்டாயப்படுத்தியிருக்கின்றனர். யு.பி.ஐ.யைப் போல் செய்திக்கும் பொது விதி வேண்டுமென்று வேம்பு அவர்களே 2025-ல் சொன்னார். இன்று சிறியவராயிருக்கும்போது சொன்னதை நாளை பெரியவரானபோதும் சொல்வாரா என்று சிலர் கேட்கின்றனர். அதனால்தான் இப்பொழுதே சட்டமாக்கிவிட வேண்டுமென்கிறோம்.

அளவைச் சீர்திருத்தத்தில் கண்ட அனுபவம் இதற்கு உதவும். ஜனங்களிடம் போய், உங்கள் பழக்கத்தை விடுங்கள் என்று உபதேசித்து ரூபாய்க்கு 100 பைசா வரவில்லை. பழைய காசும் புதிய காசும் சில காலம் சேர்ந்து செல்லுமென்று சட்டம் செய்து, அணாவுக்கு இத்தனை பைசா என்று அட்டவணை ஒட்டிக் கொண்டுவந்தனர். அப்படியே, அரட்டையிலிருந்து வாட்ஸ்அப்புக்கும் வாட்ஸ்அப்பிலிருந்து அரட்டைக்கும் பூட்டுக் கலையாமல் செய்தி செல்லும் விதியை முதலில் கொண்டுவரட்டும். பிறகு எது சிறந்தது என்று இலத்தூர்த் தேநீர்க் கடை தானே முடிவு செய்துகொள்ளும். மந்திரிகளின் சிபாரிசு அதற்குத் தேவையில்லை.

இதனை டில்லியில் எழுப்ப வேண்டியவர் தென்காசித் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர். 2019 நவம்பரில் தனி ஜில்லாவான பிறகு தென்காசியின் பெயர் சபையில் எழுவது பெரும்பாலும் ரயிலையும் அருவியையும் பற்றித்தான் என்ற மனத்தாங்கல் இவ்வூரார்க்கு உண்டு. அடுத்த கூட்டத்தொடரில் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும்: ஒரு செயலியிலிருந்து மறு செயலிக்குச் செய்தி செல்லும் விதி எப்போது வரும்? அந்தச் செய்தியைப் பிறர் திறக்காதபடி காக்கும் பூட்டு சட்டத்தில் ஏறுமா, ஏறாதா? ஜில்லாவின் காங்கிரஸ்காரர், கழகத்தார், கம்யூனிஸ்டுகள், மற்றுமுள்ள கட்சியினர் யாவரும் தங்கள் தங்கள் வாட்ஸ்அப் கூட்டங்களிலேயே இக்கேள்விகளை முதலில் சுற்றுக்கு விடலாம்.